தொடங்கக் கற்பிக்கிறோம், நடத்தக் கற்பிக்கிறோமா?

வங்கிக் கிளையின் கடன் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு மிகவும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. இளைஞர் ஒருவரோ, சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்மணி ஒருவரோ, நெகிழி உறையிட்ட கோப்புடன் வந்து எதிரில் அமர்வார். அடையாள ஆவணங்களின் நகல்கள், இயந்திரத்திற்கான விலைப்புள்ளி, ஐந்தாண்டு வரவு செலவை முன்கூட்டியே கணித்துக் காட்டும் திட்ட அறிக்கை ஆகியவை அதில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றிற்கும் மேலாகத் தொழில்முனைவோர் பயிற்சியை நிறைவு செய்தமைக்கான சான்றிதழ் இருக்கும். நாங்களும் அச்சான்றிதழைப் பார்த்து, சரிபார்ப்புப் பட்டியலில் அதற்கு நேரே ஒரு குறியிட்டுவிட்டு, அடுத்த தாளைப் புரட்டுவோம். அப்பயிற்சியில் என்ன கற்றார் என்று நாங்கள் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

அவ்வாறு கேட்காமல் விட்டதன் விலை என்ன என்பதை ஒருமுறை மிக அருகிலிருந்து கண்டோம்.

ஓடக்கூடிய இயந்திரமும் மூடப்பட்ட பட்டறையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், கர்நாடகத்தில் பாக்குத் தோட்டங்கள் மிகுந்த வட்டாரம் ஒன்றில் பணியாற்றிவந்தோம். பாக்குமட்டைத் தட்டு செய்யும் பட்டறை ஒன்றுக்குக் கடன் கேட்டு ஒரு பெண்மணி வந்தார். தோட்ட வேலை செய்யும் குடும்பம். வீட்டில் வணிகம் செய்தவர் எவரும் இல்லை. பயிற்சி பெற்றிருந்தார், சான்றிதழும் இருந்தது. இயந்திரம் வாங்கத் தவணைக் கடன் வழங்கினோம். தட்டுகள் நேர்த்தியாக வந்தன. பக்கத்து நகரத்துக் கடைக்காரர்களும் சமையல் ஒப்பந்தக்காரர்களும் தேடி வந்து வாங்கினார்கள்.

பதினான்காம் மாதத்தில் தவணை நின்றது. நேரில் சென்றோம். பட்டறை பூட்டியிருந்தது. இயந்திரத்தில் பழுதில்லை, தட்டுக்குக் கிராக்கியும் குறையவில்லை. அந்த அம்மையார் ஒரு பள்ளி நோட்டுப்புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார். தட்டு வாங்கியவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தரவேண்டிய தொகை. கூட்டிப் பார்த்தபோது, அவர் எங்களுக்குத் தரவேண்டிய நிலுவைத் தவணைகளைவிட, ஊரார் அவருக்குத் தரவேண்டிய பாக்கி கூடுதலாக இருந்தது. மழை தொடங்குமுன் மட்டை வாங்கி இருப்பு வைக்கக் கையில் பணமில்லை. மட்டை இல்லாததால் வேலையாட்களை நிறுத்தினார். வேலை நின்றதால் பட்டறையைப் பூட்டினார்.

கிளைக்குத் திரும்பி அவருடைய திட்ட அறிக்கையை மீண்டும் எடுத்துப் படித்தோம். விற்ற சரக்குக்குப் பணம் வர எத்தனை நாளாகும் என்ற இடத்தில், தட்டச்சு செய்தவர் ஏதோ ஓர் எண்ணை இட்டிருந்தார். அந்த எண்ணின் பொருள் அந்த அம்மையாருக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இயந்திரத்திற்குக் கடன் கேட்டார், கொடுத்தோம். சரக்கு வாங்கவும் பாக்கி வரும்வரை தாக்குப்பிடிக்கவும் தேவையான நடைமுறை மூலதனத்தை அவர் கேட்கவில்லை. நாங்களும் எடுத்துச் சொல்லவில்லை. பயிற்சி அவருக்குத் தட்டு செய்யக் கற்பித்திருந்தது; விண்ணப்பம் நிரப்பவும் கற்பித்திருந்தது. பாக்கி வசூலிக்கக் கற்பித்திருக்கவில்லை.

தொழில்முனைவுக் கல்வியைப் பற்றி நமக்குள்ள கருத்து இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே. நம் நாட்டில் தொழில் தொடங்குவதற்கான பாடங்கள் பெருகியுள்ளன. தொழிலை நடத்துவதற்கான பாடங்களே குறைவாக உள்ளன. தொழில்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகின்றனவோ, அந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் பாடத்திட்டத்தை அமைக்க வேண்டும்.

கடை இல்லாத வீட்டில் பிறந்தவர்கள்

"வியாபாரம் இரத்தத்தில் ஊற வேண்டும், வகுப்பறையில் வருமா?" என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியைப் புறந்தள்ள இயலாது. ஆனால் வணிகக் குடும்பங்களில் பிறந்தவர்கள் கற்காமலா வந்தார்கள்? மார்வாரி வணிகர்களிடையே 'பர்த்தா' என்னும் முறை இருந்தது. அன்றன்றைய ஆதாயத்தை அன்றன்றே கணக்கிட்டு, எதிர்பார்த்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அது. நகரத்தார் இளைஞர்கள் கடல் கடந்த கடைகளில் பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்து, கணக்கெழுதப் பழகி, படிப்படியாகப் பொறுப்புக்கு உயர்ந்தார்கள். இவையும் பாடத்திட்டங்களே. பாடநூலும் தேர்வும் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு. கல்லாப்பெட்டி அருகில் அமர்ந்திருந்த சிறுவனுக்கு, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாகாது, எந்த மாதத்தில் சரக்கு வாங்க வேண்டும் என்பவை பள்ளி வயதிலேயே விளங்கிவிடும்.

கடையே இல்லாத வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த இருக்கை கிடைப்பதில்லை. உழவர் மகனும் ஆலைத் தொழிலாளி மகளும் துணிவிலும் உழைப்பிலும் எவருக்கும் குறைந்தவர் அல்லர். அவர்களுக்கு வாய்க்காதது கல்லாப்பெட்டி அருகில் கழிக்கும் அந்தப் பத்தாண்டுகளே. அதைச் சில வாரங்களிலும், பின்னர்ச் சில மாதங்கள் உடனிருந்தும் ஈடுசெய்வதே தொழில்முனைவுக் கல்வியின் கடமை என்பது நம் துணிபு.

முனைப்பைப் பயிற்சியால் வளர்க்க இயலும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்கிளிலாண்ட் 1960களில் ஆந்திரத்தின் காக்கிநாடா நகரத்து வணிகர்களையும் தொழில் செய்வோரையும் கொண்டு ஓர் ஆய்வு மேற்கொண்டார். அவர்களுக்கு ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடத் தொழிலில் கூடுதல் முனைப்புக் காட்டினார்கள் என்றும், மரபுவழி நம்பிக்கைகள் அதற்குத் தடையாக இருக்கவில்லை என்றும் அவ்வாய்வு காட்டியது.

அவர் பயன்படுத்திய எளிய விளையாட்டு ஒன்று இன்றும் பயிற்சி வகுப்புகளில் இடம்பெறுகிறது. நட்டு வைத்த முளையில் வளையத்தை எறிந்து மாட்ட வேண்டும். எவ்வளவு தொலைவில் நின்று எறிவது என்பதை எறிபவரே முடிவு செய்யலாம். அருகில் நின்று எறிபவர் இடர்க்கு அஞ்சுபவர். மிகத் தொலைவிலிருந்து எறிபவர் சூதாடுபவர். முயன்றால் எட்டக்கூடிய நடுத்தொலைவைத் தேர்ந்தெடுப்பவரிடமே தொழில்முனைவோரின் இயல்பு மிகுந்திருக்கிறது. கடன் வழங்கும்போது நாங்களும் இந்த நடுத்தொலைவையே தேடுகிறோம்.

நம் நாடு முன்பே கண்ட வழிகள்

நாம் வேண்டுவது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அன்று. குசராத்தில் 1970 வாக்கில் தொடங்கிய தொழில்முனைவோர் மேம்பாட்டு முயற்சிகள், முதல் தலைமுறையினரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்துத் தொழிலில் அமர்த்தின. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1983-இல் அகமதாபாத்தில் இந்தியத் தொழில்முனைவு மேம்பாட்டு நிறுவனம் தோன்றியது. பாரத ஸ்டேட் வங்கியும், ஐடிபிஐ, ஐஎஃப்சிஐ, ஐசிஐசிஐ ஆகிய நிதி நிறுவனங்களும் அதற்குத் துணை நின்றன. கடன் கொடுப்பவர்களே கல்விக்கும் பொறுப்பேற்றார்கள் என்பது கருதத்தக்கது. வங்கிக்கு இது அறச்செயல் மட்டுமன்று. தான் கொடுத்த பணத்திற்குத் தானே தேடிக்கொள்ளும் காப்புமாகும்.

அதற்கு ஓராண்டு முன்னரே, 1982-இல், கர்நாடகத்தின் உஜிரேயில் மற்றொரு வழி திறந்திருந்தது. தர்மஸ்தலாவின் கல்வி அறக்கட்டளையும், சிண்டிகேட் வங்கி, கனரா வங்கி ஆகிய இரண்டும் இணைந்து ருட்செட்டி என்னும் பயிற்சி நிலையத்தை நிறுவின. ஊரக இளைஞர்களுக்குத் தங்குமிடமும் உணவும் தந்து, கட்டணமின்றிக் குறுகிய காலப் பயிற்சி அளித்தார்கள். அதைவிடச் சிறந்த ஏற்பாடு, பயிற்சி முடிந்து ஊர் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து சென்று துணை நின்றதாகும். இம்முறையைப் பின்பற்றியே, மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் ஆதரவுடன், மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள், அதாவது ஆர்செட்டிகள், உருவாயின. பயிற்சி சில வாரங்கள். வழித்துணை இரண்டு ஆண்டுகள். இந்த இரண்டாவது பகுதியே இத்திட்டத்தின் உயிர்நாடி. நடைமுறையில் முதற்பகுதிக்குக் கிடைக்கும் கவனம் இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை என்பதை வங்கியாளர்களாகிய நாங்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பள்ளிகளிலும் முயற்சிகள் நடந்துள்ளன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் மேல்நிலை வகுப்புகளில் தொழில்முனைவை ஒரு விருப்பப் பாடமாக வைத்திருக்கிறது. தில்லி அரசுப் பள்ளிகளில் 2019-இல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொழில்முனைவு மனப்பான்மைக்கான பாடம் தொடங்கப்பட்டது. 2021-இல் மேல்நிலை மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் தொடக்க நிதி வழங்கி, குழுவாகச் சேர்ந்து சிறுதொழில் ஒன்றைச் செய்து பார்க்கச் சொன்னார்கள். தொகை சிறிதுதான். ஆயினும் பதினாறு வயதில் 2,000 ரூபாயை இழந்து கற்பதைப் பின்னாளில் இரண்டு இலட்சத்தை இழந்து கற்க நேர்வதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அறிந்தவர்கள் வகுத்த பாடம் அது.

பாடத்தில் இடம்பெற வேண்டிய நான்கு கணக்குகள்

பெரும்பாலான பயிற்சிக் கையேடுகளில் ஊக்கம், தலைமைப் பண்பு, அரசுத் திட்டங்கள், திட்ட அறிக்கை தயாரித்தல் ஆகியவை இடம்பெறுகின்றன. அவை வேண்டியவையே. ஆனால் எங்கள் மேசைக்கு வரும் சிக்கல்கள் பெரும்பாலும் பின்வரும் நான்கு கணக்குகளில் ஏற்படும் பிழைகளால் விளைபவை.

முதலாவது, வீட்டுக் கணக்கும் தொழில் கணக்கும் கலந்துபோவது. கல்லாவில் இருக்கும் பணமெல்லாம் ஆதாயம் என்று எண்ணிப் பள்ளிக் கட்டணம், திருமணச் செலவு, மருத்துவச் செலவு என எடுத்துவிடுகிறார்கள். எடுப்பது தவறன்று; எவ்வளவு எடுத்தோம் என்று தெரியாமலிருப்பதே தவறு. தொழில்முனைவோர் தமக்கென மாதச் சம்பளம் ஒன்றை வரையறுத்து, அதை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்லப் பழக வேண்டும். தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்குத் தொடங்குவது பயிற்சியின் முதல் நாளிலேயே நடக்க வேண்டிய செய்முறை.

இரண்டாவது, விலைக் கணக்கு. உழவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. ஆனால் தொழில் செய்பவர் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். மூலப்பொருள், மின்சாரம், கூலி ஆகிய மூன்றையும் கூட்டி, அதன்மேல் சிறிது வைத்து விலை சொல்கிறார்கள். தம் உழைப்புக்கும், உதவிக்கு வரும் வாழ்க்கைத் துணையின் உழைப்புக்கும் விலை போடுவதில்லை. தேய்மானத்தையும் மறந்துவிடுகிறார்கள். 2,00,000 ரூபாய் இயந்திரம் ஐந்தாண்டு உழைக்கும் என்றால், ஆண்டுக்கு 40,000 ரூபாய், அதாவது மாதத்திற்கு ஏறத்தாழ 3,300 ரூபாய், அந்த இயந்திரத்தின் 'கூலி'. அதை விலையில் சேர்க்காதவர், ஐந்தாண்டுக்குப் பின் புதிய இயந்திரத்திற்கு மீண்டும் எங்களிடமே வருவார். ஆதாயம் ஈட்டியதாக அவர் எண்ணியிருந்தது உண்மையில் இயந்திரத்தைச் சிறிது சிறிதாக விற்றுத் தின்றதேயாகும்.

மூன்றாவது, முடங்கும் பணத்தின் கணக்கு. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு பட்டறையில் மாத விற்பனை 1,00,000 ரூபாய், செலவு 80,000 ரூபாய், ஆதாயம் 20,000 ரூபாய் என்று கொள்வோம். மூலப்பொருள் 30 நாள் இருப்பில் இருக்கிறது. விற்ற சரக்குக்குப் பணம் வர 45 நாளாகிறது. ஆக, போட்ட பணம் கைக்குத் திரும்ப 75 நாள், அதாவது இரண்டரை மாதம். மாதம் 80,000 ரூபாய் வீதம் 2,00,000 ரூபாய் எப்போதும் வெளியே முடங்கியிருக்கும். இப்போது நல்ல செய்தி ஒன்று வருகிறது: விற்பனை இருமடங்காகிறது. மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறோம். முடங்கும் பணமும் 4,00,000 ரூபாய் ஆகிறது. கூடுதலாக வேண்டிய 2,00,000 ரூபாய் என்பது பழைய கணக்கில் முழுப் பத்து மாத ஆதாயம். அதை எங்கிருந்து எடுப்பது? விற்பனை குறைந்து நலிவதைப் போலவே, விற்பனை கூடியும் தொழில் மூச்சுத் திணறக்கூடும் என்பதை எத்தனை வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

இதற்கு வங்கியில் வழி உண்டு. சிறு தொழில்களுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 விழுக்காட்டை நடைமுறை மூலதனத் தேவையாகக் கொண்டு, அதில் 20 விழுக்காட்டை வங்கியும் 5 விழுக்காட்டைத் தொழில் செய்பவரும் ஏற்பது நாயக் குழுவின் பரிந்துரையில் பிறந்த முறை. மேற்கூறிய பட்டறையின் தொடக்க ஆண்டு விற்பனை 12 இலட்சம். தேவை 3 இலட்சம். வங்கியின் பங்கு 2,40,000 ரூபாய். சொந்தப் பங்கு 60,000 ரூபாய். இந்தச் சிறிய கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டியிருந்தால், அந்தப் பாக்குமட்டைப் பட்டறை மூடியிருக்காது என்றே இன்றும் நினைக்கிறோம். விற்பனை பெருகும் என்று தெரிந்த அன்றே வங்கிக்கு வர வேண்டும். பணம் தீர்ந்த பின்னர் வருவது காலங்கடந்ததாகும்.

நான்காவது, வசூல் கணக்கு. பாக்கி கேட்பதை நம்மவர்கள் மானக்குறைவாக எண்ணுகிறார்கள். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை வழங்குவோருக்கும், எழுத்துவழி ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல், பணம் தரப்பட வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாளுக்குள் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி சேரும். இதற்கென இணையவழி முறையீட்டு ஏற்பாடும் உண்டு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறித்த காலத்திற்குள் தராத தொகையை, அது தரப்படும் ஆண்டு வரை, வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் இயலாது. ஆனால் இவற்றையெல்லாம் பயன்படுத்த ஒரு விலைப்பட்டியல் வேண்டும், சரக்கு பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வேண்டும், பதிவு வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்தவருக்குச் சட்டம் எட்டாத தொலைவிலேயே நிற்கும். எனவே, சட்டத்தைக் கற்பிப்பதோடு நின்றுவிடாமல், விலைப்பட்டியல் எழுதவும் வகுப்பிலேயே பழக்க வேண்டும்.

தடுமாறும்போது யாரிடம் செல்வது?

பயிற்சிகளில் ஏறத்தாழ முற்றிலும் விடுபட்டுப்போகும் பாடம் மற்றொன்று உண்டு. தொழில் தடுமாறும்போது என்ன செய்வது என்பதே அது. வெற்றி பெற்றவர்களை அழைத்து உரையாற்றச் செய்கிறோம். தோற்றவர்களை எவரும் அழைப்பதில்லை.

தவணை தவறியவர் வங்கியின் தெருவையே தவிர்த்து நடப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். வட்டியோ அசலோ 90 நாளுக்கு மேல் நிலுவையாக நின்றால் அக்கடன் வாராக்கடன் என வகைப்படுத்தப்படும். அதன்பின் கிளை மேலாளரின் கைகள் பெருமளவு கட்டப்பட்டுவிடும். அதற்கு முந்தைய நாட்களிலோ செய்யக்கூடியவை பல. 25 கோடி ரூபாய் வரை கடனுள்ள குறு, சிறு, நடுத்தரத் தொழில்களின் புத்துயிர்ப்புக்காக ரிசர்வ் வங்கி 2016-இல் ஒரு நடைமுறையை வகுத்துள்ளது. தொழில் நலிவடையும் என்று அஞ்சும் கடன்தாரர் தாமாகவே முன்வந்து அதன்கீழ் விண்ணப்பிக்கலாம். தவணையை மாற்றியமைப்பதா, கூடுதல் நிதி தருவதா என்பவை அங்கே ஆராயப்படும். இப்படியொரு கதவு இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாத கதவை எவரும் தட்டுவதில்லை.

இயலாத தொழிலை உரிய காலத்தில், கடன் பெருகுமுன் நிறுத்துவதும் கற்பிக்க வேண்டிய திறமையே. தோல்வியை அவமானமாகக் கருதும் குடும்பங்களில், நகையை அடகு வைத்தும் கந்துவட்டிக்கு வாங்கியும் மூழ்கும் தொழிலைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். முதலுக்கே மோசம் வருமுன் விலகியவர் இரண்டாம் முறை எழ முடியும். அவரை மீண்டும் நம்புவதற்கு வங்கியும் கற்றுக்கொள்ள வேண்டும்.

எதைக் கொண்டு அளப்பது?

பயிற்சியின் பயனை எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே பயிற்சியின் தன்மையும் அமையும். எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்று எண்ணினால் சான்றிதழ்கள் பெருகும். எத்தனை பேருக்குக் கடன் கிடைத்தது என்று எண்ணினால் கடன்கள் பெருகும். இரண்டாண்டுகளுக்குப் பின் எத்தனை பட்டறைகள் திறந்திருக்கின்றன என்று எண்ணினால்தான் பாடமே மாறும்.

அரசின் திட்டம் ஒன்றிலேயே இதற்கான குறிப்பு அடங்கியுள்ளது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் வழங்கப்படும் மானியம் உடனே கைக்கு வந்துவிடுவதில்லை. மூன்றாண்டுகள் அது வங்கியில் தனி வைப்புத்தொகையாக நிற்கும். தொழில் முறையாக நடப்பது உறுதியான பின்னரே கடன் கணக்கில் வரவு வைக்கப்படும். மானியத்தின் பொருட்டு மூன்றாண்டுகள் காத்திருக்கத் தெரிந்த நமக்கு, பயிற்சி மட்டும் சில நாட்களில் முடிந்துவிட வேண்டும் என்ற அவசரம் ஏன்?

ஆகவே நாம் முன்வைப்பது இதுதான். பயிற்சியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதற்பகுதி, தொழில் தொடங்குமுன். இரண்டாம் பகுதி, தொழில் தொடங்கிய ஆறாம் மாதத்தில். முதல் வகுப்பில் கற்பனைத் திட்ட அறிக்கையை வைத்துப் பேசலாம். இரண்டாம் வகுப்புக்கு ஒவ்வொருவரும் தம் வங்கிக் கணக்கு அறிக்கையையும், பாக்கிப் பட்டியலையும், இருப்புக் கணக்கையும் கொண்டு வர வேண்டும். அந்த மூன்று தாள்களே பாடநூல். ஆறு மாதம் தொழில் செய்தவர் கேட்கும் கேள்வி, தொடங்காதவர் கேட்கும் கேள்வியிலிருந்து முற்றிலும் வேறானது. சான்றிதழை இந்த இரண்டாம் வகுப்பின் முடிவில் வழங்கினால், அதைக் காணும் எங்களுக்கும் அதன்மேல் மதிப்பு உண்டாகும்.

இதற்குச் செலவாகும் என்பது உண்மை. பயிற்சி நிலையங்களில் ஆட்கள் குறைவு. கிளை அலுவலர்களுக்கு நேரம் குறைவு. ஆயினும் நின்றுபோன ஒரு கடனை வசூலிக்க நாங்கள் செலவிடும் நாட்களையும், அனுப்பும் அறிவிப்புகளையும் எண்ணிப் பார்க்கும்போது, ஆறாம் மாதத்தில் ஒரு நாள் உடன் அமர்வது மலிவான செலவே.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்விதழைப் படிப்போரில் பலர் நெடுங்காலமாகத் தொழில் நடத்துபவர்கள். உங்கள் கடையில், பட்டறையில், கிடங்கில் பல்லாண்டுகளாகச் சேர்ந்துள்ள அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. உங்கள் மாவட்டத்தின் ஆர்செட்டியில் அரை நாள் சென்று பேசுங்கள். வெற்றிக் கதையைவிட, பணம் வராமல் போன கதையைச் சொல்லுங்கள். பயிற்சி பெறும் இளைஞர் ஒருவரை ஒரு வாரம் உங்கள் கல்லாப்பெட்டி அருகில் அமரச் செய்யுங்கள். சிறு தொழில்களிடம் சரக்கு வாங்குபவராக இருந்தால், உரிய நாளில் பணம் கொடுத்துவிடுங்கள்; எந்தப் பயிற்சியாலும் தர இயலாத உதவி அது.

புதிதாகத் தொழில் தொடங்க எண்ணுவோர், பயிற்சிக்குச் சேருமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வகுப்பு முடிந்த பின்னரும் வருவீர்களா?" எங்களிடம் கடன் கேட்க வரும்போதும் அதையே கேளுங்கள்.

அந்தப் பாக்குமட்டைப் பட்டறை அம்மையார் இயந்திரத்தை விற்றுக் கடனைப் பெரும்பாலும் அடைத்தார். மீதியைச் சிறு தவணைகளாகக் கட்டி முடித்தார். இப்போது வேறொரு பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். பின்னொருமுறை பயிற்சி வகுப்பு ஒன்றில் பேச வருமாறு அவரை அழைத்தோம். "மூடிவிட்டவளைப் போய் எதற்கு அழைக்கிறீர்கள்?" என்று கன்னடத்தில் கேட்டார். ஆயினும் வந்தார். உரை எதுவும் ஆற்றவில்லை. அந்தப் பழைய நோட்டுப்புத்தகத்தை விரித்து, பெயர்களை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு, தொகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். வகுப்பில் இருந்தவர்கள் தாமாகவே தாளை எடுத்துக் கூட்டத் தொடங்கினார்கள்.